மண்டபத்தில் கேட்ட சிரிப்பு

மூன்றாம் வகுப்போடு நின்ற நான் ஊர்காவற்றுறையில் இரண்டு கடை கட்டினேன், கல்வீடு கட்டினேன், ஊர்ப் பெடியள் ஆங்கிலம் படிக்க மண்டபமும் கட்டித் தொலைக்காட்சியும் வாங்கி வைத்தேன். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் பின்னேரங்களில் வந்து அதில் ஆங்கிலப் பாட்டும் நகைச்சுவை நாடகமும் போட்டுப் படிப்பித்தார்.

ஒருநாள் நான் உள்ளே போனபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

“இதென்ன, கூத்துக் கொட்டகையோ?” என்று கத்தி, தொலைக்காட்சியைக் கழற்றினேன்.

“ஐயா, சிரிச்சா அதுகளுக்கு விளங்கீட்டுது எண்டுதானே அர்த்தம்,” என்றார் ஆசிரியை.

நான் கேட்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். ஆசிரியையும் மாற்றம் வாங்கிப் போய்விட்டார். இப்போது என் வீட்டில், கழற்றிவந்த அந்தத் தொலைக்காட்சியில் அதே நாடகத்தைத் தனியே பார்க்கிறேன். எந்த இடத்தில் சிரிப்பதென்று தெரியவில்லை.

மண்டப வாசலில், கட்டியவன் என்று என் பெயர் இருக்கிறது. பூட்டியவனும் நான்தான். அதையும் கீழே எழுதிவிடுங்கள்.