ஏழு பத்துக்கு வரும் ஒருவர்

டிக்கோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே இருபது நிமிடம் ஏறி நடந்தால், தொழிலாளர் வீடுகள் ஒட்டி வரிசையாக நிற்கும் ஒரு லயம் வரும். அதன் கடைசிக் காம்பராவில் ஒரு சேர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த லயத்து ஆட்களே நம்பியிருக்க மாட்டார்கள். நம்புவதற்கு முதலில் யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டுமே! அந்தக் காம்பராவில் இருக்கிற சுலக்ஷனா வாயைத் திறந்தால்தானே!

முப்பத்திரண்டு வயது. அம்மா போய் இரண்டு வருஷம். அப்பா அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வந்தது, அதுவும் போய்விட்டது. பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு, "என்ன வேலதான் புள்ள பாக்குற வீட்டுக்குள்ளயே?" என்று கேட்டால், "கொழும்புக் கம்பெனி வேல பெரியம்மா, எழுதிக் குடுக்குறது" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவள் சொன்னது பொய்யில்லை. இப்போதெல்லாம் தோட்டத்தில் காலைப் பெரட்டில், அதாவது ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரிக்கிற இடத்தில், பேர் போட விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டது. விரல் பதிந்தால் அன்றைக்குப் பேர் விழும், வேலைக்குப் போகலாம். பதியாவிட்டால் பேர் இல்லை. அந்த மெஷினுக்குள் ஓடுகிற மென்பொருளைச் செய்த கம்பெனி ஹட்டனில் ஒரு சின்னக் கிளை வைத்திருந்தது. சுலக்ஷனா ஆறு வருஷம் அங்கேதான் இருந்தாள். மெஷினை எப்படி இயக்குவது, மக்கர் பண்ணினால் என்ன செய்வது என்று சொல்லும் உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதுவது அவள் வேலை. மொத்தம் நூற்றுப் பதினான்கு பக்கங்கள். நூற்றுப் பதின்மூன்று ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியவை. ஒன்று மட்டும் அவளே எழுதியது.

அந்தப் பக்கத்துக்கு 'விரல் பதியாவிட்டால்' என்று தலைப்பு. முப்பது வருஷம் கொழுந்து பறித்த கையில் ரேகை எங்கே இருக்கும்? தேயிலைக் கறை ஏறி, வெடித்து, தேய்ந்து போயிருக்கும். அவளுடைய அம்மாவின் விரலை மெஷின் ஒரு நாளும் ஏற்றதில்லை. எல்லோருக்கும் முன்னால் நின்று ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்துவிட்டு, திருடி போலத் தலையைக் குனிந்துகொண்டு வருவாள் அம்மா. அந்த ஆத்திரத்தில்தான் சுலக்ஷனா எழுதினாள்: 'விரல் பதியாதது தொழிலாளியின் குற்றமில்லை. அட்டை இலக்கத்தை அழுத்திப் பேர் போட வேண்டும். மறுக்கக் கூடாது.' மேலே இருந்த துரைமாருக்குத் தமிழ் தெரியாததால் அது அப்படியே ஏறிவிட்டது.

பிறகு கம்பெனி கை மாறியது. வாங்கியவர்கள் ஹட்டன் கிளையை மூடினார்கள். தமிழ்ப் பக்கங்களை யாரும் பார்ப்பதில்லை, எடுத்துவிடலாம் என்றார்கள். சுலக்ஷனா அழுதேவிட்டாள். கூட வேலை செய்த பிரதாப்தான் மேலிடத்தில் பேசி, வேண்டுமென்றால் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுத்திலேயே அனுமதி வாங்கிக் கொடுத்தான். ஹட்டன் முனாப் நானாவின் கடையில் ஒரு பழைய கம்பியூட்டர் வாங்கினாள். அதைச் சேர்வராக்கி, தன் காம்பராவின் மூலையில், அம்மா படுத்த கட்டில் இருந்த இடத்தில் வைத்தாள். பிரதாப் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் இணைத்துப் பூட்டிக் கொடுத்தான். போகும்போது, "பயப்படாதீங்க சுலக்ஷனா, நான் டெய்லி பாப்பேன்ல" என்றான். மறு வாரம் கொழும்பில் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் இரண்டு வருஷம் ஓட்டினாள். நீங்கள் சிரித்தாலும் சரி, அதுதான் உண்மை.

சேர்வர் ஒரு பதிவேடு வைக்கும். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, எந்த ஊரிலிருந்து, எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று ஒரு வரி எழுதி வைக்கும். முதல் ஆறு மாதம் தேடுபொறிகள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனதைத் தவிர ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு நாள் குவைத்திலிருந்து யாரோ ஒரே ஒரு தடவை வந்து போனார்கள். இதுவும் ஏதோ இயந்திரமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அதற்கு அடுத்த நாள் காலை ஏழு பத்துக்கு ஒரு வரி விழுந்தது. ஊர் கொழும்பு. பக்கம் 'விரல் பதியாவிட்டால்'. மறுநாளும் ஏழு பத்து. அதற்கு மறுநாளும். ஞாயிறு மட்டும் கிடையாது.

யாராக இருக்கும்? வேறு யார்! கொழும்பில், காலையில் வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அவளுடைய பக்கத்தை, அதுவும் அவளே எழுதிய அந்த ஒரே பக்கத்தைத் திறந்து பார்க்கிற ஆள் வேறு யார் இருக்க முடியும்? போன் பண்ணிக் கேட்க அவளுக்கு வெட்கம். அவனும் பண்ணவில்லை. பண்ணாவிட்டால் என்ன, தினமும் வருகிறானே! ஏழு மணிக்கே தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வரி விழுந்ததும் அவளுக்கு அன்றைய பொழுது விடிந்துவிடும். அதற்குப் பிறகு மறுநாள் ஏழு பத்து வரைக்கும் அந்தக் காம்பராவில் சேர்வரின் விசிறிச் சத்தத்தைத் தவிர வேறு துணை இல்லை.

இந்த ஏப்ரலில் பிரதாப்பின் புதிய கம்பெனி ஆட்கள் நுவரெலியாவுக்கு உல்லாசப் பயணம் வந்தார்கள். பழைய கிளையில் கூட வேலை பார்த்த தனுஜா நுவரெலியாவில்தான் இருக்கிறாள். அவள் போன் பண்ணி, "வியாழக்கிழம பின்னேரம் பிரதாப் வாறாராம், நீயும் வாயேன்டி" என்றாள். அம்மாவின் சாவுக்குப் பிறகு ஒரு இரவுகூட வெளியே தங்காதவள், அலுமாரியைத் திறந்து மஞ்சள் சுடிதாரை எடுத்தாள். கதவைப் பூட்டி, திறப்பை அம்மாக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டு, வியாழன் காலையிலேயே பஸ் ஏறினாள்.

பிரதாப் கொஞ்சம் சதை போட்டிருந்தான். ஹோட்டல் முற்றத்தில் உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசினார்கள். ஒரு இடைவெளி கிடைத்ததும் சுலக்ஷனா மெதுவாக, "நம்ம பக்கங்கள தெனமும் பாக்குறீங்கபோல" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"சேர்வர்ல போட்டோமே, தமிழ்ப் பக்கங்கள்."

"அட, அது இன்னுமா ஓடுது!" பிரதாப் வாய்விட்டுச் சிரித்தான். கேலி இல்லை, நிஜமான ஆச்சரியம். அதுதான் அவளைக் கொன்றது. "ரெண்டு வருசமாச்சே! எங்க, காட்டுங்க பாப்போம்."

அவள் போனை எடுத்துத் திறந்தாள். பக்கம் வரவில்லை. மறுபடியும் தட்டினாள். வரவில்லை. "கவரேஜ் இல்லபோல" என்றாள். "இருக்கும், இருக்கும்" என்று அவன் நல்ல மனசோடு சொல்லிவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டான். 

அன்று இரவு கொட்டிய மழையில் நானுஓயாப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டது. இரண்டு இரவு தனுஜா வீட்டில் தங்க வேண்டியதாகிவிட்டது. அங்கே கவரேஜ் நன்றாக இருந்தும் பக்கம் வராததால், சேர்வர் நின்றுவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். அம்மாக்கண்ணுவுக்கு ஒரு போன் பண்ணி, உள்ளே போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன? அந்த ஏழு பத்தும் ஏதோ ஒரு இயந்திரமாகத்தான் இருக்கும். ஒன்றரை வருஷமாக ஒரு இயந்திரத்துக்காகத் தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவளுடைய போன் நம்பர் இருக்கிறது. இரண்டு நாளில் ஒரு அழைப்பு? ம்ஹூம்.

சனிக்கிழமை பின்னேரம் வீடு வந்து சேர்ந்தாள். மூலையில் சேர்வரின் பச்சை வெளிச்சம் இல்லை. பிளக் சுவரிலிருந்து கழற்றப்பட்டு, வயர் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அம்மாக்கண்ணு ஒரு தட்டில் ரொட்டியோடு வந்துவிட்டாள்.

"வியாழக்கிழம மத்தியானம் என்னா இடி தெரியுமா! நாந்தான் வந்து புடுங்கிவுட்டேன். ஒன் பொட்டி கருகிப் போனா என்னா பண்ணுவ?"

கோபப்பட முடியுமா? அந்த லயத்தில் அதுதான் வழக்கம். முதல் இடி விழுந்ததும் வீட்டில் இருக்கிறவர்கள் ஒவ்வொரு காம்பராவாகப் போய், ஆள் இல்லாத வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். முன்பு ஒரு தடவை ஒரே மின்னலில் ஏழு டிவி போனதிலிருந்து இப்படி. திருப்பி மாட்டுவது மட்டும் அந்தந்த வீட்டுக்காரர் பொறுப்பு. சுலக்ஷனாதான் எப்போதும் வீட்டிலேயே இருக்கிறவளாயிற்றே, அதனால் அவள் வீட்டுக்கு யாரும் வர நேர்ந்ததில்லை.

"நல்லதுதான் பெரியம்மா" என்றாள்.

அம்மாக்கண்ணு கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முகம் செத்திருந்தது. "எனக்குத்தான் புள்ள நேரம் சரியில்ல. நேத்தும் இன்னிக்கும் பேரு விழல. பெரட்டுலேருந்து திருப்பி அனுப்பிட்டான்."

"ஏன்?"

"என் வெரல மெசினு புடிக்காதுல்ல. அதுக்கு ஒரு ரூல்ஸு இருக்கு, போன்ல வரும். நம்ம லயத்து வினோதா, குவைத்துக்கு வேலைக்குப் போயிருக்காளே, அவதான் தேடி அனுப்புனா. தெனம் காலையில தொறந்து, புதுசா வந்திருக்கானே பேரு போடுற அந்தக் கணக்கப்புள்ள, அவன் மூஞ்சிக்கு நேரா காட்டுவேன். படம் புடிச்சு வச்சதக் காட்டுனா செல்லாதுன்றான், ரூல்ஸு மாறியிருக்குமாம். அன்னன்னைக்குத் தொறந்து காட்டணுமாம். ரெண்டு நாளா தொறக்கவே மாட்டேங்குது! 'இருந்தாத்தானே வரும்'னு எல்லாரு முன்னாலயும் சிரிக்கிறான் பாவி."

அம்மா நின்ற அதே இடத்தில் இரண்டு நாள் காலையும் அம்மாக்கண்ணு நின்றிருக்கிறாள். "கொழும்புன்னு..." என்று சுலக்ஷனா வாய்க்குள் முனகினாள். இந்த மலையில் யார் போனில் திறந்தாலும், அது போன் கம்பெனியின் கொழும்பு வழியாகத்தான் வந்து சேரும், ஊர்ப்பெயரும் கொழும்பு என்றுதான் விழும். எழுதப் படிக்கத் தெரிந்த எந்தக் கம்பியூட்டர் ஆளுக்கும் தெரிந்த விஷயம். அவளுக்கும் தெரியும். தெரிந்துகொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான்.

"அதுல கீழ ஒரு நம்பர் இருக்குமே பெரியம்மா. எடுத்துக் கேக்குறதுதானே?"

"போ புள்ள. யாரோ பெரிய எடத்து ஆளு. 'தொழிலாளியின் குற்றமில்ல'ன்னு எழுதியிருக்காங்க பாரு, எம்புட்டு நல்ல மனசு! அவுங்கள போயி நான் தொந்தரவு பண்றதா?"

சுலக்ஷனா குனிந்து பிளக்கை மாட்டினாள். விசிறி சுற்ற ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் பச்சை வெளிச்சம் வந்தது.

"இப்பத் தொறந்து பாருங்க."

அம்மாக்கண்ணு வெடித்த விரலால் நாலைந்து தடவை தேய்த்தாள். போன் திரைகூட அந்த விரலை லேசில் ஏற்பதில்லை. பிறகு, "வந்துருச்சு! ஏ புள்ள, வந்துருச்சு!" என்று கத்தினாள். கத்தியவள், மூலையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். பிளக்கைப் பார்த்தாள். சுலக்ஷனாவைப் பார்த்தாள்.

"நான்தான் எழுதினேன் பெரியம்மா. அம்மாவுக்காக."

அம்மாக்கண்ணு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி மகளே! ரெண்டு வருசமா ஒரே செவுத்துக்கு அந்தாண்ட ஒக்காந்துக்கிட்டு, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல பாத்தியா! செவுத்தத் தட்டியிருப்பேனே புள்ள!" திட்டிக்கொண்டே அழுதாள். சுலக்ஷனாவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. சேர்வர் நின்றது தெரிந்தும் சும்மா இருந்தேன் என்று எப்படிச் சொல்வது? ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தாள், அதோடு சொல்லாமலே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நூற்றுப் பதினான்கு பக்கங்களின் அடியிலும் போன் நம்பருக்குப் பக்கத்தில் தன் பெயரையும், தோட்டத்தையும், லயத்தின் கடைசிக் காம்பரா என்பதையும் எழுதினாள். திங்கட்கிழமை காலை தேத்தண்ணியோடு உட்கார்ந்தாள். ஆறே முக்காலுக்கு அம்மாக்கண்ணு வேலைக்கு இறங்கிப் போகிற வழியில் சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். ஏழு பத்துக்கு வரி விழுந்தது. அதற்கு மேலே புதன், வியாழன் என்று வரிகள் இருந்தன. வெள்ளிக் காலைக்கும் சனிக் காலைக்கும் ஒன்றும் இல்லை. பெரட்டுக்களத்து மெஷினிலும் அம்மாக்கண்ணுவின் பெயருக்கு நேரே அந்த இரண்டு நாளும் அப்படியேதான் இருக்கும். அதை நிரப்ப எந்தப் பக்கத்திலும் வழி எழுதியிருக்கவில்லை.