எந்தக் கணக்கிலும் வராத பிள்ளை

என் மகளுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது அவளுக்கு ஏழு வயது. எழுபதுகளின் கடைசி. பள்ளிபாளையத்தில் நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கணவருக்குக் காகித ஆலையில் வேலை. பத்தே நாளில் பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டாள். மேல்மூச்சு வாங்க ஆரம்பித்ததும் சேலம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நான்காம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். அப்போதுதான் எனக்கும் பேச்சு வந்தது.

"ஏனுங்க டாக்டர், எங்க ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் இது இல்லீங்க. சின்னப் புள்ளைக்கு எப்படிங்க வந்துச்சு?"

"பெரியவங்களுக்கு வர்றது வேற, இது வேறம்மா. உடம்புல இன்சுலின் சுரக்கிறதே நின்னு போயிடும். பின்லாந்து மாதிரி குளிர் நாடுகள்ல இது நிறைய. ஜப்பான்ல ரொம்பக் குறைவு. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியல. நம்ம பக்கமும் அபூர்வம்தான்."

வகுப்பில் தொங்கிய உலகப் படத்தில் பின்லாந்தைத் தேடிப் பிடித்தேன். பனி பெய்யும் தேசத்து வியாதி, காவிரிக் கரையில் என் பிள்ளையை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்?

விடை தேட நேரமில்லை. காலையில் கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைக்க வேண்டும். குளிர்ப்பெட்டி கிடையாது, இன்சுலின் புட்டியைத் தண்ணீர்ப் பானைக்குள் சிறு டப்பாவில் மிதக்கவிட்டிருந்தேன். மகளின் சிறுநீரில் சில சொட்டுகளை, டாக்டர் கொடுத்த நீல மருந்தில் விட்டுச் சூடுபடுத்துவேன். பச்சை என்றால் பரவாயில்லை. செங்கல் நிறம் என்றால் சர்க்கரை ஏறிவிட்டது.

ஒருநாள் சோதனைக் குழாயைக் கையில் பிடித்திருந்தபோது இன்னொரு பிள்ளை நினைவுக்கு வந்தாள். இரண்டு வருடம் முன் என் மூன்றாம் வகுப்பில் படித்தவள். "டீச்சர், தண்ணி குடிச்சுட்டு வாரனுங்க" என்று மணிக்கு நாலு தடவை எழுந்து நிற்பாள். கணக்குக்குப் பயந்து ஏய்க்கிறாள் என்று நினைத்து, பெஞ்சின் மேல் நிற்க வைத்தேன். மறுவாரம் வயிற்றுவலி, வாந்தி. செத்துப்போனாள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள்.

அன்று மாலையே அவள் அம்மாவைத் தேடிப் போனேன். தறிப் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"புள்ள அடிக்கடி ஒண்ணுக்குப் போனாளா?"

"ஆமாங்க டீச்சர். போன எடத்துலயெல்லாம் எறும்பு மொய்ச்சுக் கெடக்குமுங்க. ஏனுங்க கேக்கறீங்க?"

அவளுக்கும் என் மகளுக்கு வந்த வியாதியாகத்தான் இருந்திருக்கும் என்று சொன்னேன். பெஞ்சில் நிற்க வைத்ததையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. வெகுநேரம் அழுதாள். நானும்.

பின்லாந்தில் அதிகம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை எந்த டாக்டரின் கணக்கிலும் இல்லை. எங்கள் பக்கத்தில் குறைவு என்பதில் எவ்வளவு நிஜமான குறைவு, எவ்வளவு எங்கள் கவனக்குறைவு? இனி என் கண்ணெதிரே ஒரு பிள்ளையும் அப்படிப் போகக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

ஓயாமல் தண்ணீர் குடிக்கும், மெலிந்துபோகும் பிள்ளையைக் கண்டால் எனக்குச் சொல்லுங்கள் என்று சக ஆசிரியர்களிடம் விடாமல் சொன்னேன். "உங்களுக்கு எந்தப் புள்ளையப் பாத்தாலும் அந்த வியாதிதான்" என்று தலைமை ஆசிரியர் சலித்துக்கொண்டார். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைக் கூப்பிட்டு அனுப்பியவரும் அவரே. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஓயாத தாகம், சட்டை தொளதொளத்துக் கிடந்தது.

அவள் அப்பாவைப் பள்ளிக்கு வரவழைத்தோம். தறி ஓட்டுபவர். "நாளைக்கு மந்திரிச்சுட்டுப் பாக்கலாமுங்க" என்றார்.

"நாளைக்கு வரைக்கும் தாங்காதுங்க. இங்கயே பாருங்க."

அவர் கண்ணெதிரில் பிள்ளையின் சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினேன். செங்கல் நிறமாக மாறியது. "கெளம்பலாமுங்க" என்றார். அடுத்த பேருந்திலேயே மூன்று பேரும் சேலம் போனோம்.

பிழைத்துக்கொண்டாள். "நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க" என்ற டாக்டரிடம், மற்றப் பள்ளி ஆசிரியர்களிடமும் வந்து பேசும்படி கேட்டேன். அடுத்த மாதமே வந்தார்.

பிள்ளையோடு ஊர் திரும்பிய மறுநாள் காலையே அந்த அப்பா எங்கள் வாசலில் நின்றார். "ஊசி போடப் பழக்கி உடுங்க டீச்சர். எம்புள்ளைக்கு நானே போடறேன்."

முதல் நாள் ஊசியை எடுப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தார். அவர் மகள்தான் தைரியம் சொன்னாள்: "பயப்படாதப்பா, குத்து." பல்லைக் கடித்துக்கொண்டு குத்தினார். மூன்றாம் நாளுக்கு மேல் வீட்டிலேயே தானே போடப் பழகிவிட்டார், என்னிடம் வரவில்லை.