ஒல்லியான உடம்புக்குள் பார்த்தவர்

மீஞ்சூர் ரயில் நிலையத்தில் மீன்கூடையோடு நின்ற ஓர் அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நர்சம்மா, சேதி தெரியாதா? டாக்டரம்மா பூட்டாங்க. நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்க" என்றாள். என் வண்டி வந்தது. ஏறாமல் நின்றேன்.

பழவேற்காட்டுக்காரர்களே, உங்களில் பலரை டாக்டர் ஜைனப் கிள்ளிப் பார்த்திருப்பார். தோல் மடிப்பைப் பிடித்துக் கொழுப்பை அளக்கும் இடுக்கி ஒன்று அவர் பையில் இருக்கும். எழுபதுகளின் கடைசியிலிருந்து அவரோடு குப்பம் குப்பமாக நடந்தேன். "இன்னா டாக்டரம்மா, நண்டு மாரி கிள்றீங்க?" என்று சிரிப்பார்கள். விலா எலும்பு தெரிய நின்ற பலருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. இடுக்கிக்குப் பிடிபடாத கொழுப்பு வயிற்றுக்குள் இருக்கிறது என்பது அவர் சந்தேகம். பட்டணத்துப் பெரிய டாக்டர்கள் காது கொடுக்கவில்லை.

லைட்ஹவுஸ் குப்பத்து ஏழுமலைக்குக் காலில் சிப்பி கிழித்த புண் ஆறவில்லை. மாத்திரையைத் தொடமாட்டார். "சக்கரையெல்லாம் தின்னு கொழுத்தவனுக்கு வர்றது. என்னாண்ட இன்னா கீது?" விரல் கறுக்கத் தொடங்கியது. சென்னையில் ஒரு மருத்துவமனைக்குக் காந்தத்தால் உடம்பின் உள்ளே படமெடுக்கும் எந்திரம் புதிதாக வந்திருந்தது. அதில் ஒரே ஒருவருக்கு இடம் கேட்டு டாக்டர் பல மாதம் அலைந்திருந்தார். கிடைத்ததும் ஏழுமலையை அழைத்துப் போனார்.

உள்ளே உலோகம் கூடாது. ஏழுமலை இடுப்பில் வெள்ளி அரைஞாண். "செத்தாத்தான் அத அறுப்பாங்க. நான் வர்ல" என்று எழுந்துவிட்டார். ஊழியர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். டாக்டர் அதட்டவில்லை. என்னை அனுப்பிக் கறுப்புக் கயிறு வாங்கிவரச் செய்தார்.

"மொதல்ல இதக் கட்டிக்கோ ஏழுமலை. அப்புறம் வெள்ளியக் கழட்டு. இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையா இருக்காது."

அவர் கட்டிக்கொண்டார். அடுத்த ஆள் வெளியே வந்ததும் உள்ளே போனார்.

படத்தில் குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு. ஏழுமலை வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோவும் என்னுதா?" அன்றே மாத்திரை போட்டார். ஒரு விரல் போயிற்று. கால் தப்பியது.

ஒரே ஒருவருடைய படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்றார்கள் பட்டணத்துப் பெரிய டாக்டர்கள். இன்னொருவருக்கு எடுக்கவும் இடம் தரவில்லை. திரும்பும் ரயிலில், "ஒண்ணு பத்தாதுன்றாங்க. ரெண்டாவதும் தர மாட்டேன்றாங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் வெறும் அளவுநாடாவோடு படகுத்துறைக்கு வந்து, உள்ளே இருக்கும் கொழுப்பை இடுப்பளவாவது காட்டுமா என்று வரிசையாக இடுப்புகளை அளந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. "உங்களுக்குச் சலிப்பா இல்லையா டாக்டர்?"

"இருக்கு. அது பாட்டுக்குக் கூட வரட்டும். நீ நாடாவப் பிடி."

அவருடைய கூர்மை எனக்கு வரவில்லை, இனி வரப்போவதுமில்லை. சலிப்பு மட்டும் நிறைய வந்திருக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டு காலையில் வேலைக்குக் கிளம்பும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது. அதை வைத்துக்கொள்கிறேன்.