வாரேன் சொல்லாத அக்கா

மூன்று மாதத்துக்கு முன்னால் கோயிலில் நடந்தது இது.

பூசை முடிந்து பிரசாத வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் ராஜேஸ் அக்கா. அவருக்கு முன்னால் தெரிந்த அம்மா ஒருவர், நடக்க முடியாத தன் மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி.

அக்கா சும்மாதான் கேட்டார். “என்னாம்மா, மாமியாருக்கு ஒடம்பு எப்படி இருக்கு?”

அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! மாமியாரை அப்படியே தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “நல்லா இருக்காங்கக்கா! ரொம்ப நல்லா இருக்காங்க! ஒண்ணும் இல்ல!” என்று படபடத்தார். அடுத்த நிமிடம் இருவரையும் வரிசையில் காணோம். சர்க்கரைப் பொங்கலையே விட்டுவிட்டு ஓடுகிற அளவுக்குப் பயம்!

ராஜேஸ் அக்கா என்ன மந்திரவாதியா? இன்சூரன்ஸ் விற்கிறாரா? இல்லை. வாடகைக்குக் கெமா போடுகிறார். அவ்வளவுதான்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. கெமா என்றால் கூடாரம். வீட்டு வாசலில் பாதி ரோட்டை மறித்து, இரும்புக் கம்பி நிறுத்தி, மேலே கித்தான் விரித்து, கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டால்… மலேசியாவில், எங்கள் பேராக்கில் ஒரு தமிழன் வீட்டில் விசேஷம் என்று அர்த்தம். நல்லதோ கெட்டதோ, இரண்டுக்கும் அதுதான்.

அக்கா எனக்குப் பக்கத்து வீடு. செம்மோரில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான், அதாவது குடியிருப்பு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அக்கா கெமா போடுவார், அவர் கணவர் மணியம் அண்ணன் லோரி ஓட்டுவார். ஒரு காலத்தில் இந்த வட்டாரத்துக் கல்யாணம், காதுகுத்து, கருமாதி… எல்லாம் இவர்கள் கெமாவுக்குக் கீழேதான்.

பிறகு ஈப்போவில் புதிதாக ஒரு கம்பெனி கிளம்பியது. வெள்ளைத் துணி, தொங்குகிற விளக்கு, மேலே பறந்து படம் பிடிக்கிற ட்ரோன், தினம் ஒரு ரீல்ஸ். கல்யாண வீடெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கிறது, போனைத் தடவித் தடவித் தேடலாம். சாவுக்கு யார் ரீல்ஸ் பார்த்து ஆள் தேடுவார்கள்? அழுதுகொண்டே, ஞாபகத்தில் இருக்கிற நம்பரை அடிக்கிறார்கள். அது ராஜேஸ் அக்கா நம்பர்.

கோயிலிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் வேலி ஓரமாக நின்று கேட்டார்.

“ஏன் தம்பி, என்னையப் பாத்தா எமனுக்குச் சித்தாளு மாதிரியா இருக்குது?”

இல்லை என்று வேகமாகச் சொன்னாலும் தப்பு, மெதுவாகச் சொன்னாலும் தப்பு.

“பொழப்புக்குக் கொறச்சல் இல்ல லா. சாவு எங்க நிக்குது? ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் அவங்க அழுவுறப்பவே போய்ப் போய் எனக்கு மனசு விட்டுப் போச்சுப்பா. மோளச் சத்தம் கேட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? நீதான் பேப்பர்ல எழுதுறியே. இந்த வீடியோ கீடியோ போட்டு, எனக்கு ஒரு கல்யாண வீடு புடிச்சுக் குடு.”

எழுதுகிறவனுக்கும் ரீல்ஸுக்கும் என்ன சம்பந்தம்? தையல்காரரிடம் செருப்பு தைக்கச் சொல்வது மாதிரிதான். ஆனால் நான் மறுக்கவில்லை. காரணம், சிறு வியாபாரிகளுக்கான இலவச ஆன்லைன் வகுப்பு ஒன்றில் ஏற்கெனவே உட்கார்ந்து எழுந்திருந்தேன். என்னிடம் வியாபாரம் இல்லை. இலவசம் என்றார்கள், உட்கார்ந்தேன். தமிழன்தானே?

வட்ட விளக்குக்கு முன்னால் பளபளவென்று உட்கார்ந்திருந்த வாத்தியார் சொன்ன சட்டங்கள் மனப்பாடம். முதல் மூன்று விநாடியில் ஆளைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஒளிவு மறைவு இல்லாமல் இயல்பாக இருக்க வேண்டும். ரொம்ப முக்கியம்… கடைசியில் ‘கால் டு ஆக்‌ஷன்’ வேண்டும். அதாவது, “கூப்பிடுங்க, ஓடி வாரோம்!” என்று சிரித்துக்கொண்டே முடிக்க வேண்டும்.

முதல் வீடியோவுக்கு நானே வசனம் எழுதினேன். ‘மங்கலம் பொங்கும் இல்லங்களுக்கு மாண்புறு கூடாரங்கள்.’ எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அக்கா அதை மனப்பாடம் செய்து, கையைக் கட்டிக்கொண்டு, கண் சிமிட்டாமல் ஒப்பித்தார். கேட்டால் ரேடியோவில் மரண அறிவித்தல் வாசிப்பது போலவே இருந்தது. பார்த்தவர்கள்: அக்கா, அண்ணன், நான், என் மனைவி. அப்புறம் பாரிட் புந்தாரில் இருக்கும் என் சித்தப்பா… நான் எதைப் போட்டாலும் லைக் போடுவார். என் விபத்துப் படத்துக்கும் போட்டவர்.

“வசனம் வேண்டாம், நீங்க எப்போதும் செய்யுற வேலையச் செய்யுங்க. நான் எடுக்குறேன்” என்றேன்.

வீட்டுப் பின்பக்கம் சின்னக் கெமா ஒன்றை நிறுத்தினோம். என்ன ஒரு மாற்றம்! கம்பியைக் கையில் எடுத்ததும் அக்கா வேறு ஆள். கயிற்றை இழுத்துக் கட்டுகிறார், நாற்காலிகளை அடுக்குகிறார், அண்ணனைத் திட்டுகிறார், “கல்யாண வீட்டுல மொத வரிச நாக்காலி எதுக்குத் தெரியுமா? கோவிச்சுக்குற மாமனுக்கு” என்கிறார். நான் பூரித்துப் போனேன். இதோ, முடிவு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே “கூப்பிடுங்க, வாரோம்” சொல்ல வேண்டும்…

அக்கா கையைத் தட்டித் துடைத்தார். திரும்பினார். நடந்து போய்விட்டார்.

மறுபடியும் எடுத்தோம். மறுபடியும் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொரு தடவை. அதே கதை!

“என்னக்கா? ரெண்டே ரெண்டு வார்த்த!”

“வரமாட்டேங்குது தம்பி.” அக்காவுக்கே வெட்கமாக இருந்தது. “சாவு வீட்டுல வேல முடிஞ்சா வாரேன்னு சொல்லலாமா? திரும்பிப் பாக்காம போயிறணும். பழகிப் போச்சு. கெமாவுக்குக் கீழ நின்னாலே அந்த வார்த்த தொண்டையில மாட்டிக்குது. முன்னால கல்யாண வீட்டுலகூட அப்படியே போயிருக்கேன் போல. ராங்கி புடிச்சவன்னு பேசிக்கிட்டாங்களாம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இனி வெட்டி ஒட்டிச் சரிசெய்யலாம் என்று போனை மேசையில் வைத்துவிட்டு காப்பி குடிக்கப் போனேன்.

அந்த இடைவெளியில் மணியம் அண்ணன் எதையோ அமுக்கிவிட்டார். வெட்டாத வீடியோ அப்படியே ஊருக்குப் போய்விட்டது. அக்கா பேசாமல் நடந்து போக, பின்னாலிருந்து அண்ணன் அலறுகிறார்: “ராஜேஸ், எங்க போற? இன்னும் முடியல லா!”

நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருந்திருக்க முடியாது!

காம்பார் பல்கலைக்கழக மாணவர்கள் வகுப்பில் பேசி முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு நடந்து போக ஆரம்பித்தார்கள். ஆபீஸ் மீட்டிங்கை அப்படி முடித்தார்கள். மனைவியோடு சண்டையை அப்படி முடித்த ஒருவர், திரும்பி வந்தபோது கதவு பூட்டியிருந்ததாக கமெண்ட்டில் அழுதிருந்தார். என் மாண்புறு வசனத்தை யாரும் சீண்டவில்லை. ஒரு பொம்பளை பேசாமல் போனதை நாடே கொண்டாடுகிறது. முப்பது வருஷமாக எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

அக்காவின் போன் அடிக்க ஆரம்பித்தது. “அக்கா, தை மாசம் தேதி இருக்கா?” என்று கேட்டார்கள். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த சிவப்பு மஞ்சள் தொங்கலை வெயிலில் காயப்போட்டார்.

அப்போதுதான் ஒரு மகராசன் வந்து கமெண்ட் போட்டான். ‘இவங்க சாவு வீட்டு கெமா அக்கா லா. அதான் வாரேன் சொல்லல.’

அவ்வளவுதான். போன் அடங்கிவிட்டது. தேதி கேட்டவர்களுக்கெல்லாம் திடீரென்று மண்டபம் கிடைத்துவிட்டது. ஒரே ஓர் அம்மா மட்டும் நேரடியாக எழுதிக் கேட்டார். ‘அக்கா, கல்யாணத்துக்குப் போடுறதும் சாவுக்குப் போடுறதும் ஒரே கெமாவா?’

“வேற வேறன்னு சொல்லிருங்கக்கா” என்றேன். இதற்குத்தானே எழுத்தாளன் இருக்கிறான்? “ஒரு வரிதான். நானே அழகா எழுதித் தாரேன்.”

அக்கா என் கையிலிருந்த போனை வாங்கி அண்ணனிடம் நீட்டினார். “புடிங்க.” கெமாவுக்குக் கீழே போய் நின்றார். கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது.

“ஆமா, அதே கெமாதான். சோப்பு போட்டுக் கழுவி, மஞ்சத் தண்ணி தெளிச்சித்தான் கொண்டாரேன். சந்தேகம்னா மோந்து பாருங்க. அதுக்காக அழுவுற நாக்காலி தனியா, சிரிக்கிற நாக்காலி தனியா வாங்க முடியுமா? ஒங்க வீட்டுக்கு எத்தன வாசல்? ஒண்ணுதானே? தாத்தா போனது அந்த வாசல்தான். மருமக வரப்போறதும் அந்த வாசல்தான். கதவக் கழட்டிப் போட்டுட்டு வேற கதவா மாட்டுனீங்க?”

கையைத் துடைத்தார். போய்விட்டார்.

ஒளிவு மறைவு வேண்டாம் என்று வாத்தியார் சொன்னார்தான். அதற்காக இவ்வளவா? கல்யாணத் தொழிலுக்கு இதோடு கருமாதி என்று நினைத்தேன். லைக் குவிந்தது. கைதட்டல் பொம்மை குவிந்தது. ‘அக்கா வேற லெவல்’ என்றார்கள். ஒரு கல்யாண வீடும் கூப்பிடவில்லை. நம் ஆட்கள் அப்படித்தான்… நியாயத்துக்கு லைக் போடுவார்கள், முகூர்த்தத்துக்கு வேறு ஆளைப் பார்ப்பார்கள். தொங்கல் மறுபடியும் மடிந்து அலமாரிக்குள் போனது. எனக்கு வேலிப் பக்கம் போகவே சங்கடமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் சுங்கை சிப்புட்டிலிருந்து போன். பார்வதி என்று ஓர் அம்மா. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“அக்கா, எங்க வீட்டுக்காரர் எறந்தப்ப நீங்கதான் கெமா போட்டீங்க. அன்னிக்குச் சரியான மழ. யாரும் கேக்காமலே, பின்னால சமைக்கிற பொம்பளைங்க நனையக் கூடாதுன்னு இன்னொண்ணு போட்டுக் குடுத்தீங்க. நன்றி சொல்லலாம்னு வாசலுக்கு வாரேன், நீங்க லோரி ஏறிட்டீங்க. சாவு வீட்டுல இருந்து போறவங்களப் பின்னால கூப்புடக் கூடாதே… அப்படியே நின்னுட்டேன். மனசுலயே கெடக்குது. தலத்திவசம் முடிஞ்சிருச்சுக்கா. இப்போ மகளுக்குக் கல்யாணம். நீங்கதான் வரணும். ஆனா ஒரு கண்டிஷன். போறப்ப வாரேன்னு சொல்லிட்டுத்தான் போவணும்.”

அக்கா போனைப் பிடித்தபடி தலையைத் தலையை ஆட்டினார். போனில் தலை ஆட்டினால் அங்கே எப்படித் தெரியும்? மணியம் அண்ணன்தான் குனிந்து, “சரின்னு சொல்றாம்மா” என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். திங்கள் காலை கெமா பிரிக்கப் போனார்கள். நான் போனோடு கூடவே போனேன். சும்மா இருப்பேனா? நாடே காத்துக்கொண்டிருக்கிற கிளைமாக்ஸ் அல்லவா!

கம்பிகள் ஏறின. நாற்காலிகள் ஏறின. பார்வதி அம்மா வெற்றிலைத் தட்டோடு வாசலில் நின்றார். அக்கா கையைத் தட்டித் துடைத்தார். திரும்பினார். லோரியை நோக்கி நடந்தார்… பார்வதி அம்மா கூப்பிடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மணியம் அண்ணன்கூட வாயைத் திறக்கவில்லை.

அக்கா லோரிக் கதவில் கை வைத்தார். அப்படியே நின்றார். பிறகு திரும்பி வந்தார், கெமா இருந்த இடத்துக்கே.

“போயிட்டு… போயிட்டு வாரேம்மா.”

“வாங்கக்கா. வாங்க. கண்டிப்பா வாங்க.”

இரண்டு பேரும் அழுதார்கள். மண்டபத்தில் மகளை அனுப்பி வைத்தபோதுகூடப் பார்வதி அம்மா அப்படி அழவில்லையாம். எனக்கும் கண் கலங்கியது. படம் கொஞ்சம் ஆடியிருப்பது அதனால்தான்.

அன்றே அந்த வீடியோவைப் போட்டேன். முடிவில் கால் டு ஆக்‌ஷன், வாத்தியார் சொன்ன மாதிரியே! என்ன ஆனது என்கிறீர்கள்? படுத்துவிட்டது. சுத்தமாகப் படுத்துவிட்டது. ‘அக்கா ஏன் பை சொல்றாங்க? போர் லா’ என்று ஒரு கமெண்ட். சித்தப்பா லைக் போட்டார்.

ஆனால் ஒரு விஷயம். பார்த்தவர் எண்ணிக்கை மட்டும் தினமும் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. யார் பார்ப்பது என்று எனக்குத் தெரியும்… நடுவில் ஒரே சுவர்தானே? பக்கத்து வீட்டில் வெங்காயம் நறுக்குகிற சத்தத்தோடு, “போயிட்டு வாரேம்மா… போயிட்டு வாரேம்மா…” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது.