கார்க் தெறித்த வெள்ளிக்கிழமை

ஃபர்வானியாவில் என் ரூம்மேட் செல்வம் அண்ணனுக்கு ஊரில் மகள் பிறந்தாள். அதைக் கொண்டாட ரகசியமாக பீர் காய்ச்சினோம். குவைத்தில் பிடிபட்டால் ஜெயில்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் பாட்டில்களுக்கு கார்க் அடைத்துக்கொண்டிருந்தபோது ஒன்று தெறித்து, பீர் தரையெல்லாம் கொட்டி, வாடை வெளியே பரவியது. தொழுகை முடித்து வந்த பக்கத்து ரூம் ரஹீம் பாய், கீழக்கரைக்காரர், கதவைத் தட்டினார்.

“புள்ள பொறந்திருக்கு பாய், அதான்...” என்றபடி அண்ணன் கதவைத் திறந்தார்.

“அப்ப அது மொகத்தப் பாக்க வேணாமா? கீழ போலீஸ் நிக்குது. மொதல்ல எல்லாத்தையும் கொட்டுங்க.”

குடியைத் தொட்டறியாத அவர், வெள்ளை ஜிப்பாவோடு மண்டியிட்டு எங்கள் தரையைத் துடைத்தார். போலீஸ் மேலே வரவில்லை. அடுத்த தொழுகைக்கு அவர் மறுபடி குளித்து, உடை மாற்றிப் போனார்.

எங்களை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.