அம்மா கேட்காத கேள்வி

ரேணிகுண்டா டெண்ட் கொட்டகைக்கு அந்தப் படம் வந்தபோது, ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் இருந்த எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்திருந்தது. கடல்காரர்கள் கூலிக்குக் கப்பலேறிப் போய்ச் சீரழிகிற கதை. நம்ம ஜனங்கள் படம் என்று சொல்லி அம்மாவை நான்தான் இழுத்துப் போனேன். நாங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரர்கள். வலை சோறு போடாமல் போனதும், ரயில் பாதைக்கு ஜல்லி உடைக்க வந்து இங்கே குடிசை போட்டோம்.

படத்தில் பட்டுச்சேலை கட்டிய மீனவப் பெண் ஒருத்தி, படகேறும் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று அழுதாள். கொட்டகையே மூக்கை உறிஞ்சியது. அதில் பாதிப்பேர் குழாயடியில் எங்கள் குடத்தைக் காலால் தள்ளுகிறவர்கள். அம்மா மட்டும் சிரித்தாள்.

"எவடி இவ? கடலுக்குப் போறவன எங்க போறேன்னு எவளாச்சும் கேப்பாளா?"

எங்களில் அந்தக் கேள்வி ஆகாது. கேட்டால் போனவன் திரும்பமாட்டான் என்பார்கள். கடலை விட்டு வந்தும் அந்தப் பயத்தை விடவில்லை. இந்தப் படம் வருவதற்கு முன்பே, எங்கள் அப்பா, நைனா, ஒரு மேஸ்திரியோடு வெளியூர் வேலைக்குத் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அம்மா குனிந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பவேயில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் எங்கே போனான் என்று ஏட்டு முதலில் தெலுங்கில் கேட்டான், "யாடிக்கி போயினாடு?" நான் கேக்கலையே என்றாள் அம்மா. "புருஷன் எங்க போறான்னு கேக்காத பொம்பளையா நீ?" என்று தமிழிலும் கேட்டுச் சிரித்தான். மெட்ராஸ் பக்கம் போனால், நீங்கள் ஆந்திராக்காரர்கள், அங்கே போய்ச் சொல்லுங்கள் என்று விரட்டினார்கள். எல்லையில் ஊர் ஊராகப் பங்கு பிரித்துக்கொண்ட இரண்டு சர்க்காரில் யாருடைய பங்கிலும் நைனா இல்லை.

படத்தின் கடைசியில் அந்தப் புருஷன் திரும்பி வந்துவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு நடக்கும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"அவ கேட்டா. அவன் வந்துட்டான்."

சினிமாதானே அம்மா என்றேன். அவள் காதில் விழவில்லை.

கொஞ்ச நாளில் வேறொரு மேஸ்திரி வந்து என் அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டான். அண்ணன் மூட்டையை எடுத்ததும் அம்மா கழுவிக்கொண்டிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய் வாசலை மறித்து நின்றாள்.

"எங்கடா போற?"

அண்ணன் மூட்டையை இறக்கி வைத்தான். "இன்னாம்மா இது, கெளம்பறப்போ கேக்கற?"

"சொல்லிட்டுப் போ. நீ வராட்டி, தேடிக்கினு போறதுக்கு எனக்கு ஒரு ஊர் பேராச்சும் வேணும்."