கடைசியாக வருவதே வேலை

பதினொரு ஆண்டுகளாக அந்தப் பெண்மணி எந்த இடத்துக்கும் முதலில் போய்ச் சேர்ந்ததில்லை. சேரவும் கூடாது. அதற்குத்தான் சம்பளம்.

மலைச் சைக்கிளில் காடு, ஏரி, பழைய கோட்டை நகரம் என்று மூன்று நாள் சுற்றிக் காட்டும் சின்னக் கம்பெனி அது. நடத்துவது அவருடைய தம்பி. குழுவுக்கு முன்னால் தம்பி போவார். அவருக்குப் பெயர் தலை. பின்னால் அக்கா வருவார். அவருக்குப் பெயர் வால். விருந்தினர்கள் முதல் நாள் காலையில் 'மேடம்' என்பார்கள். மத்தியானத்துக்குள் 'வாலக்கா' ஆகிவிடும். அவர் கோபித்துக்கொள்வதில்லை. சின்ன வயதிலும் வீட்டில் எல்லாரும் வாலு என்றுதான் திட்டினார்கள். அப்போது சம்பளம் மட்டும் இல்லை.

கம்பெனிக்கு விதிகள் இரண்டுதான். தலையை யாரும் தாண்டக் கூடாது. வால் யாரையும் தாண்டக் கூடாது. அதனால் யாரும் யாரையும் எண்ண வேண்டியதில்லை. 'வால் வந்தாச்சு' என்று ஒரு குரல் கேட்டால் எல்லாரும் வந்தாச்சு என்று அர்த்தம். படகை எடுக்கலாம், சாப்பாடு பரிமாறலாம், கதவைப் பூட்டலாம்.

இந்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரே நஷ்டம், சரித்திரம். ஒவ்வொரு கோட்டை வாசலிலும் தம்பி கையை ஆட்டி ஆட்டி ஒரு கதை சொல்வார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது, "அன்றோடு அந்த வம்சம் அழிந்தது" என்று முடித்துக்கொண்டிருப்பார். எந்த வம்சம், ஏன் அழிந்தது என்பதெல்லாம் அவருக்கு இன்றுவரை தெரியாது. எப்படியும் தம்பி பாதியைச் சொந்தமாகத்தான் விடுகிறார் என்பதால் பெரிய இழப்பில்லை.

அதற்கு முன் பதினான்கு ஆண்டு டவுன் பஸ்ஸில் கண்டக்டர். அங்கேயும் பின்வாசல்தான். கடைசி ஆள் படியில் கால் வைத்த பிறகுதான் விசில் ஊதுவார். பிறகு பஸ் கதவுகள் தாமாக மூடக் கற்றுக்கொண்டன, ஒரு பெட்டி டிக்கெட் கொடுக்கக் கற்றுக்கொண்டது, அவருக்குப் பூச்செண்டு கொடுத்து அனுப்பினார்கள். விசிலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

லிஃப்ட் ரிப்பேர் செய்யும் வீட்டுக்காரருக்கு இதில் தீராத சந்தோஷம். "உலகத்துல கடைசியா வந்து சம்பளம் வாங்குற ஒரே ஆளு என் பொண்டாட்டிதான்" என்று மாடிக்கு மாடி சொல்லிக்கொண்டு போவார்.

சும்மா பின்னால் வருவது வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. கடைசியில் வருகிறவர்கள் தனி இனம். ஒருவர் மூச்சு வாங்குவதை மறைக்க மரத்தைப் படம் பிடிப்பார், ஒரே மரத்தை ஆறு முறை. ஒருவருக்கு மேட்டுக்கு மேடு ஷூ லேஸ் அவிழும். இன்னொருவர் மனைவியோடு சண்டை போட்டுவிட்டுத் தனியாக வருவார். இவர்களிடம் 'சீக்கிரம்' என்றாலும் தப்பு, 'மெதுவா வாங்க' என்றால் அதைவிடத் தப்பு. அதற்காக வாலக்கா கண்டுபிடித்ததுதான் பொய்ப் பஞ்சர்.

ஆள் திணறுகிறார் என்று தெரிந்ததும் பின்னாலிருந்து குரல் கொடுப்பார். "சார், நில்லுங்க! பின் டயர் பஞ்சர் மாதிரி தெரியுது." இறங்கி டயரை அமுக்குவார், காதை வைத்துக் கேட்பார், பம்பை எடுத்து நாலு அடி அடிப்பார். பத்து நிமிடம். அதற்குள் அந்த ஆள் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, மறுபடி மனிதனாகியிருப்பார். முன்னால் போய்ச் சேர்ந்ததும், "பஞ்சர்ங்க, இல்லேன்னா எப்பவோ வந்திருப்பேன்" என்று கெத்தாகச் சொல்லலாம். இந்த ரகசியம் தம்பிக்குக்கூடத் தெரியாது.

இந்த முறை கிளம்புகிற காலையில் தம்பி ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். கூடவே ஒரு பை நிறைய பொத்தான்கள். ஒவ்வொரு சைக்கிள் சீட்டுக்கடியிலும் ஒரு பொத்தானை ஒட்டினார். பெட்டியின் திரையில் ஒன்பது விருந்தினர்களும் ஒன்பது புள்ளிகளாகத் தெரிந்தார்கள்.

"யாரு எங்க இருக்காங்கன்னு இதுலயே தெரிஞ்சிடும்கா. இந்த ட்ரிப்ல சரியா வேலை செஞ்சா அடுத்த சீசன்லேர்ந்து உனக்கு இந்த அலைச்சலே வேண்டாம்."

"அப்போ நான்?"

"விடுதி கிச்சன்ல இரு. எல்லாரும் வரும்போது சூடா சூப்."

"சூப்பா?"

"உனக்கும் வயசாகுதுல்ல?"

"உனக்கு மட்டும் குறையுதாடா?" என்றார் அக்கா. இரண்டாவது முறையாக ஒரு பெட்டி தன் இடத்துக்கு வந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. மூன்றே நாள். அதற்குள் அந்தப் பெட்டி ஒரு தப்பாவது செய்தாக வேண்டும், தான் ஒரு தப்பும் செய்யக் கூடாது.

ஒன்பது பேரில் ஒரு பல் டாக்டர் இருந்தார். குழுவிலேயே விலை உயர்ந்த சைக்கிள் அவருடையது. பெரும்பாலும் கடைசியில் வந்ததும் அவர்தான். அவர் மனைவி பள்ளிக்கூடக் கணக்கு டீச்சர். வாடகைச் சைக்கிளில் தம்பிக்குச் சமமாக முன்னால் போய்க்கொண்டிருந்தார். டாக்டருக்கு அது பெரிய அவமானம். தனக்குப் பின்னால் ஓர் ஆள் விடாமல் வருவது அதைவிட அவமானம்.

முதல் நாள் மேட்டில் டாக்டர் நாக்கைத் தொங்கப் போட்டபோது வாலக்கா வழக்கம்போலக் குரல் கொடுத்தார். "டாக்டர், பின் டயர் பஞ்சர் மாதிரி..."

"இந்த டயருக்குள்ள பசை இருக்கும்மா. ஆணி குத்தினாக்கூட தானா அடைச்சுக்கும். இது பஞ்சரே ஆகாது."

"அப்போ செயின்ல ஏதோ சத்தம்..."

"நான் என்ன குழந்தையா?" என்று டாக்டர் வெடுக்கென்று மிதித்தார். மிதித்த வேகத்துக்கு இருபது அடி தூரம் போய் நின்றார்.

இரண்டாம் நாள் காட்டுப் பாதை இறங்கி ஏரியில் முடியும். அங்கிருந்து சைக்கிள்களோடு படகில் அக்கரைக்கு, பழைய நகரத்துக்குப் போக வேண்டும். பாதி இறக்கத்தில் பெரிய பாறை ஒன்றைச் சுற்றி ஒரு வளைவு. வாலக்கா வளைவைத் திரும்பியபோது முன்னால் டாக்டரைக் காணோம். பரவாயில்லையே, இறக்கத்தில் ஆள் பறக்கிறாரே என்று அவருக்குச் சந்தோஷம்கூட வந்தது. பிடித்துவிடலாம் என்று தானும் வேகமெடுத்தார். ஏரிக்கரை வரை டாக்டர் கண்ணில் படவே இல்லை.

கரையில் தம்பி பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது புள்ளியும் படகிலேயே மின்னின. நிமிர்ந்து பார்த்தால் அக்கா. "வால் வந்தாச்சு! எடுங்கண்ணே!"

படகுக்காரர் எடுத்துவிட்டார். வாலக்கா உட்கார்ந்து மூச்சு விட்டு, பஸ்ஸில் வந்த பழக்கத்தில் தலைகளை எண்ணினார். எட்டு. மறுபடி எண்ணினார். எட்டேதான்.

"படகைத் திருப்பச் சொல்லு. டாக்டர் இல்ல."

"ஏழாம் நம்பர் இங்கதான்கா இருக்கார். பாரு, புள்ளி." தம்பி திரையைக் காட்டினார்.

"புள்ளிக்கு வேர்க்குமாடா? அந்த மனுஷனுக்கு வேர்க்கும். வேர்க்கிற ஆளைக் காட்டு."

எல்லாரும் சுற்றிப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் மடியிலிருந்த பையைத் திறந்து ஏதோ துழாவினார். பிஸ்கட் பாக்கெட்டுக்கு அடியில், கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி, ஏழாம் நம்பர் பொத்தான் இருந்தது.

"காலையில பையைத் தூக்கித் தர்றேன்னு வந்தாரு. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவை. எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார் டீச்சர்.

புருஷன் பொத்தானைக் கழற்றி மனைவியின் பையில் ஒளித்து வைத்திருக்கிறார்; திரையில் அவரும் முன்னால் போவதாகத் தெரியும் அல்லவா! படகு திரும்பியது. தம்பியின் முகம் சுருங்கி, பிறகு அக்கா பக்கம் திரும்பியது.

"பெட்டியை ஏமாத்தலாம். நீ எப்படிக்கா அவரைத் தாண்டின?"

"தாண்டிட்டேன். எங்கன்னு தெரியல."

"தெரியாம தாண்டறதுக்கு வால் எதுக்கு?"

பதினொரு ஆண்டில் முதல் முறையாக அக்காவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். கரை தொட்டதும் சைக்கிளை இறக்கிக்கொண்டு மேட்டில் மிதித்தார்.

வழியெங்கும் தரையைப் பார்த்துக்கொண்டே போனார். டாக்டருடைய டயர் புதிது, அகலம். மண்ணில் அதன் தடம் தனியாகத் தெரியும். கீழ்ப் பாதையில் அந்தத் தடமே இல்லை. பாறை வளைவில்தான் தென்பட்டது. பாதையை விட்டு விலகி, நேராகப் பாறைக்குப் பின்னால் போயிருந்தது.

அங்கே டாக்டர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு இரண்டு கையாலும் சொறிந்துகொண்டிருந்தார். வால் தாண்டிப் போகட்டும் என்று ஒளிந்த இடம், தொட்டாலே அரிக்கும் செடிக் கூட்டம். உட்கார்ந்தும் இருந்திருக்கிறார். அதனால் சீட்டில் ஏற முடியவில்லை.

"எவ்வளவு நேரமா இப்படி?"

"நீங்க போனதிலேர்ந்து."

"அப்பவே கூப்பிட்டிருக்கலாமே, டாக்டர்."

"ஒளிஞ்சிருக்கிறவன் எப்படிம்மா கூப்பிடுவான்?"

அதுவும் சரிதான். வாலக்கா பையிலிருந்த தண்ணீரைக் காலில் ஊற்றிக் கழுவச் சொன்னார். துணி மூடாத இடமெல்லாம் சிவந்திருந்தது, மூடிய இடத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள்.

"ஒரு உதவி. நான் எல்லாருக்கும் முன்னால போயி வழி மாறிட்டேன்னு சொல்லிடலாமா?" என்றார் டாக்டர்.

"நீங்க முன்னால போனா என் தம்பி மேல தப்பு. பின்னால இருந்தா என் மேல தப்பு."

"நடுவுல இருந்தேன்னு சொன்னா?"

"நடுவுல காணாமப் போனா கடவுள் மேல தப்பு. அவர் நம்ம கம்பெனியில வேலை பார்க்கலை." கொஞ்ச தூரம் போன பிறகு அவரே சொன்னார். "நான் உங்களைத் தாண்டினது நிஜம். அதை நான் சொல்லிக்கிறேன். உங்க கதையை நீங்க பார்த்துக்கங்க."

படகில் ஏறியதும் டாக்டர் தொண்டையைச் செருமினார். தனக்கு இறக்கத்தில் வேகம் கூடிவிட்டதாகவும், முன்னால் எங்கேயோ வழி தப்பியதாகவும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். டீச்சர் உள்ளங்கையை விரித்தார். பொத்தான்.

"கல்யாணத்துக்கே முக்கால் மணி நேரம் லேட்டா வந்த ஆளு இவரு. முன்னால போனாராம்" என்றார்.

படகே சிரித்தது. படகுக்காரர் துடுப்பை வைத்துவிட்டுச் சிரித்தார். டாக்டர் காது வரை சிவந்து, பிறகு வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். "இந்தம்மா மேல தப்பில்ல. நான்தான் ஒளிஞ்சேன். பஞ்சரே ஆகாத டயரைப் பஞ்சர்னு சொன்னாங்க. எனக்கு ரோஷம் வந்துடுச்சு."

"எதுக்கு அப்படிச் சொன்னாங்க?" என்றார் ஒருவர்.

"நான் ரெஸ்ட் எடுக்கத்தான். வேற எதுக்கு?"

பின்வரிசையில் ஒரு பருமனான மனிதர் மெதுவாகக் கேட்டார். "அப்போ நேத்து எனக்கு ஆச்சே, அது?"

வாலக்கா ஏரியைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு ஆச்சு!" என்றார் பக்கத்திலிருந்த அம்மா. "நான் வீட்டுக்குப் போன் போட்டு வேற சொன்னேனே!"

தம்பி அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினொரு வருஷமா பஞ்சர் ஒட்டுற பசை ட்யூப் ட்யூபா காய்ஞ்சு வீணாப் போகுது. ஏன்னு இப்பதான் புரியுது."

"நான் தாண்டினதும் தப்புதான்டா. தலையை எண்ணிட்டு ஏறியிருக்கணும்" என்றார் அக்கா.

தம்பி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் டயரில் காதை வைத்துக் கேட்கிற வசதி இருப்பதாகத் தெரியவில்லை. அக்கரை நெருங்கும்போது, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"சூப்புக்கு வேற யாரையாவது பார்க்கணும்."

மன்னிப்பு என்ற சொல் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராது. இவ்வளவுதான் வரும்.

மூன்றாம் நாள் வயல்களுக்கு நடுவே நேரான பாதை. டாக்டர் யாரும் கேட்காமலே கடைசிக்கு வந்து வாலக்காவின் பக்கத்தில் ஓட்டினார். சீட்டில் இரண்டு துண்டு மடித்துப் போட்டிருந்தார். ரோஷம் போன இடத்தில் பேச்சு வந்துவிட்டது. ஒரு மணி நேரம் விடாமல் பேசியவர், வாலக்கா ஒருமுறை வாய்விட்டுச் சிரித்ததும் பிரேக் பிடித்தார்.

"நில்லுங்க! வலது பக்கம், பின்னால. அந்தப் பல்லு எத்தனை நாளா அப்படி இருக்கு?"

"எப்படி?"

"வாயைத் திறங்க."

"இங்கேயா?"

"வெளிச்சம் நல்லா இருக்கு. திறங்கம்மா."

இருநூறு மீட்டர் முன்னால், கூட்டுரோட்டில் மற்ற எட்டுப் பேரும் வெயிலில் காத்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. பெட்டியைப் பார்த்தால் போதுமே, கிளம்பலாமே என்று பருமனான மனிதர் கேட்டார். தம்பி பெட்டியை எடுக்கவே இல்லை. கண்ணுக்குமேல் கையை வைத்துப் பாதையைப் பார்த்தார்.

"அக்கா வாயைத் திறந்துட்டு நிக்கிறா. மூடினதும் வருவா."